மசக்கை நாய்க்கும் உண்டு!

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று என்னைச் சிரிக்கவும் வைத்தது, யோசிக்கவும் வைத்தது. “எங்கள் வீட்டு பொமரேனியன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. இணை சேர்த்து இருபத்தாறு நாள் ஆகிறது. பால் சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்கிறது. உடம்பு தேற மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு கால்சியம் டானிக் வாங்கி வைத்திருக்கிறேன். எத்தனை ஸ்பூன் கொடுக்கலாம்?” என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

சிரித்தது மசக்கைக்காக. யோசித்தது அந்த டானிக்குக்காக.

மசக்கை நமக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் பல நாய்கள் இப்படித்தான் ஆகாரத்தைக் குறைக்கும். சில நாய்கள் ஒன்றிரண்டு தடவை வாந்தியும் எடுக்கும். நாலைந்து நாளில் தானாகச் சரியாகிவிடும். ஒரு நாள் முழுக்க ஒன்றுமே தொடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை, வாந்தி நிற்கவில்லை, பிறப்புறுப்பில் சீழ் போல ஏதாவது ஒழுகுகிறது என்றால்தான் கவலை. அப்போது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். இருபத்தைந்து, முப்பது நாளில் ஸ்கேன் எடுத்தால் சினைதானா என்பதும் உறுதியாகத் தெரிந்துவிடும். சினையே இல்லாமல் மடி பெருத்து, பால்கூடச் சுரந்து, பொய்ச் சினை காட்டுகிற நாய்களும் உண்டு. அதனால் கணக்கை மட்டும் நம்பி வளைகாப்புக்கு நாள் பார்த்துவிடாதீர்கள்!

இன்னொரு சின்ன விஷயம். நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கிற வெள்ளை நாய்களில் முக்கால்வாசி உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். ஐந்து, ஆறு, ஏழு கிலோ இருக்கும். எங்கள் சின்னியும் அந்த ஜாதிதான், சரியாக ஆறு கிலோ. பெயர் எதுவாக இருந்தால் என்ன, இரண்டுக்கும் பக்குவம் ஒன்றுதான். அல்சேஷன், லாப்ரடார் வளர்க்கிறவர்கள் சொல்கிற கணக்கை மட்டும் இந்தச் சின்ன உடம்புக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

இப்போது அந்த டானிக். ஒரு ஸ்பூன்கூட வேண்டாம் அம்மா. அலமாரியில் பூட்டி வையுங்கள்.

நமக்கு மாசமானால் டாக்டர் முதலில் எழுதித் தருவது இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும்தானே? அந்தப் பழக்கத்தில், வாயில்லா ஜீவனுக்கும் அதே வேண்டும் என்று நினைக்கிறோம். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நாயின் உடம்பு வேறு மாதிரி வேலை செய்கிறது. கழுத்தில் தைராய்டை ஒட்டினாற்போல் பாராதைராய்டு என்று சின்னச் சின்ன சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால், எலும்பில் சேர்த்து வைத்திருப்பதை எடுத்துக் கொடுப்பது அவற்றின் வேலை. கர்ப்ப காலம் முழுக்க நாமே டானிக்காக ஊற்றிக்கொண்டிருந்தால் இந்தச் சுரப்பிகளுக்கு வேலையே இல்லை. சும்மா இருந்து பழகிப்போகும். குட்டி போட்ட இரண்டாம், மூன்றாம் வாரத்தில் நாலு குட்டிகள் போட்டி போட்டுக்கொண்டு பாலை உறிஞ்சும்போது சுண்ணாம்புச் சத்து சரசரவென்று பாலில் இறங்கிவிடும். சுரப்பி உடனே விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து எடுத்துத் தர முடியாமல் திணறும். ரத்தத்தில் கால்சியம் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். இதைத்தான் பால் காய்ச்சல் என்கிறோம். மாட்டுக்கு வருவது பலருக்குத் தெரியும். நாய்களில் இது அதிகமாகத் தாக்குவது பொமரேனியன், ஸ்பிட்ஸ், சிவாவா போன்ற குட்டி ஜாதிகளைத்தான். உடம்பு சின்னது, அதற்குக் குட்டிகளின் பசி பெரியது.

எங்கள் எதிர்வீட்டில் நடந்ததை நேரில் பார்த்தவள் நான். அந்த அம்மாளின் மருமகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது வாங்கிய கால்சியம் டானிக் இரண்டு பாட்டில் மீதம் இருந்தது. “வீணாப் போறதே, ரோஸியும் பிள்ளைத்தாச்சிதானே” என்று தினம் இரண்டு வேளை ஊற்றினார்கள். குட்டி என்னவோ சுகமாகத்தான் போட்டது. நாலு குட்டி, அத்தனையும் பஞ்சு உருண்டை. பதினாறாம் நாள் சாயங்காலம் ரோஸிக்கு ஒரே மூச்சிரைப்பு. உட்காரும், எழுந்திருக்கும், குட்டிகளை விட்டுவிட்டு ஓடும். “வெய்யில் ஜாஸ்தி, அதான் இரைக்குது” என்று ஃபேனைப் போட்டார்கள். ஏழு மணிக்குக் காலை விறைத்துக்கொண்டு மரக்குதிரை மாதிரி நடந்தது. எட்டு மணிக்குக் கீழே விழுந்து, உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. தொட்டால் அடுப்பு மாதிரிச் சூடு.

யாரோ வெறி பிடித்துவிட்டது என்றார்கள், யாரோ விஷக்கடி என்றார்கள். அந்த வீட்டுப் பையன் மட்டும் ஒன்றும் பேசாமல் ஒரு டவலில் சுற்றி ஆட்டோவில் டாக்டரிடம் கொண்டுபோனான். அவர் ரத்தக்குழாயில் கால்சியம் ஊசி ஏற்றினார். சொட்டுச் சொட்டாக, இதயத் துடிப்பை ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டுக்கொண்டே ஏற்றினாராம். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால்தான் அந்த நிதானம். அரைமணி நேரத்தில் ரோஸி தலையைத் தூக்கிப் பார்த்தது என்று அந்தப் பையன் வந்து சொன்னபோது எதிர்வீட்டு அம்மாள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றாராம் டாக்டர்.

அதனால் இந்த அறிகுறிகளை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குட்டி போட்ட முதல் நாலு வாரத்துக்குள் காரணமில்லாத மூச்சிரைப்பு, நிலைகொள்ளாமல் அலைவது, முகத்தை ஓயாமல் தேய்ப்பது, குட்டிகளை அண்ட விடாமல் இருப்பது, நடையில் விறைப்பு, நடுக்கம். அபூர்வமாகப் பிரசவத்துக்கு முன்பேகூட வரும். நடுக்கம் தொடங்கிவிட்டால் “விடியட்டும், பார்க்கலாம்” என்பதே கூடாது. குட்டிகளை உடனே தனியே பிரியுங்கள். வெட்டி இழுக்கும் நாயின் வாயில் டானிக்கோ, பாலோ, தண்ணீரோ ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். பிறகு எத்தனை நாள் குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுப்பது, கால்சியம் மாத்திரை வேண்டுமா என்பதெல்லாம் டாக்டர் சொல்வார். ஆமாம், பால் கொடுக்கும் காலத்தில் சில நாய்களுக்கு டாக்டரே கால்சியம் எழுதித் தருவதுண்டு. அது வேறு, கர்ப்பத்தில் நாமாக ஊற்றுவது வேறு.

டானிக் வேண்டாம் என்றால் எலும்புக்குச் சத்து எப்படி வரும் என்று கேட்பீர்கள். ஆகாரத்திலிருந்துதான் வர வேண்டும். அங்கேதான் நம் வீடுகளில் குறை.

தயிர் சாதம், பால் சாதம், இரண்டு பிஸ்கட். இதுதான் பெரும்பாலான வீடுகளில் நாயின் மெனு. சாதாரண நாட்களில் அது எப்படியோ ஓட்டிவிடும். குட்டிகள் உருவாகும்போது இது போதவே போதாது. வயிறு நிறையும், சத்து சேராது. அதே சமயம், “இரண்டு உயிருக்குச் சாப்பிடணும்” என்று முதல் வாரத்திலிருந்தே தட்டை நிரப்புவதும் தப்பு. முதல் ஐந்து வாரம் வழக்கமான அளவே போதும், தரம் மட்டும் கூடட்டும். குட்டிகளின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி மூன்று, நாலு வாரத்தில்தான் நடக்கிறது. முன்னாடியே ஊட்டி ஊட்டிக் கொழுக்க வைத்தால் பிரசவம்தான் கஷ்டமாகும்.

ஆறாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பிரசவம் நெருங்கும்போது வழக்கத்தைவிடக் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு அதிகம் இருக்கலாம். ஆனால் இதை இரண்டு வேளையில் திணிக்க முடியாது. ஆறு கிலோ நாயின் வயிற்றில் நாலு குட்டி உட்கார்ந்திருக்கும்போது இரைப்பைக்கு இடம் ஏது? நாலு வேளை, ஐந்து வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நமக்கு எட்டாம் மாசத்தில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்காதே, அதே கதைதான். பிரசவத்துக்கு முன் எடை ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தால் திருப்தி. சின்னி ஏழேகால் கிலோ வரை வந்தாள்.

என்ன கொடுப்பது? வசதி இருந்தால் கடையில் விற்கிற நாய்க்குட்டி ஆகாரம்தான் சுலபம். பெரிய நாய்க்கானது அல்ல, குட்டிகளுக்கானது. புரதமும் கொழுப்பும் அதில் கூடுதல், சுண்ணாம்புச் சத்தும் அளவோடு சேர்த்திருப்பார்கள். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். பழைய ஆகாரத்தோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். வெந்நீரில் ஊறவைத்தால் விரும்பிச் சாப்பிடும். வீட்டுச் சமையல்தான் முடியும் என்கிறவர்கள் எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி, வேகவைத்த முட்டை, முள் எடுத்த மீன், குழைந்த சாதம், கொஞ்சம் காரட், பூசணி என்று கொடுக்கலாம். உப்பு, காரம், மசாலா வேண்டாம். ஆனால் வீட்டுச் சமையல் மட்டுமே என்றால் என்ன கொடுக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் ஒரு தடவை சொல்லிச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். ஈரல் நல்லதுதான், வாரத்தில் ஒரு சின்னத் துண்டோடு நிறுத்துங்கள். வைட்டமின் ஏ மிதமிஞ்சினால் வயிற்றிலுள்ள குட்டிக்கு ஆகாது. பச்சைக் கறி, பச்சை முட்டை வேண்டவே வேண்டாம். சைவக் குடும்பங்களில் முட்டை வரைக்குமாவது இறங்கி வந்தால் நாய் பிழைத்தது! அதுவும் முடியாதென்றால் பனீர், நன்றாக வெந்த பருப்பு, தயிர் கொடுக்கலாம். கூடவே குட்டி ஆகாரமும் கட்டாயம் இருக்கட்டும்.

நம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பூண்டைச் சுட்டும், குழம்பு வைத்தும் கொடுக்கிறோமே, அதை நாய்க்குக் காட்டாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை, உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் விஷம்தான். பிரசவ லேகியத்தைப் பாசத்தோடு உருட்டி வாயில் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுக்கும் வெல்லமும் நெய்யுமாக வயிற்றைப் புரட்டிவிடும், வேறு பலன் ஒன்றும் இல்லை.

பூச்சி மருந்து கொடுக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். நாயின் குடலில் வரும் உருளைப் புழுக்கள் கர்ப்பத்திலேயே தாயிடமிருந்து குட்டிக்குப் போய்விடும். ஆகவே மருந்து தேவைதான். ஆனால் கர்ப்பத்துக்கு ஆகும் மருந்து எது, எந்த நாளில் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். தடுப்பூசிகளை இணை சேர்ப்பதற்கு முன்பே முடித்திருப்பது நல்லது. நமக்கு வைத்திருக்கும் தலைவலி, ஜுர மாத்திரைகளை உடைத்துப் போடுவது ஆபத்து. கைக்குழந்தை உள்ள வீட்டில், நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். அந்தப் புழுவின் முட்டை குழந்தைகளையும் பாதிக்கும்.

காலாற நடப்பது கடைசி வரை நல்லது. கட்டிலிலிருந்து குதிப்பதும், மாடிப்படியில் தடதடவென்று இறங்குவதும் மட்டும் வேண்டாம். ஐம்பத்தைந்து நாளுக்கு மேல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டால் எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். சின்ன ஜாதிக்கு இது வீண் செலவு அல்ல. ஒரே குட்டியாக இருந்தால் அது பெரிதாக வளர்ந்து வழியில் சிக்கிக்கொள்ளும். தெருவில் பெரிய ஆண் நாயோடு சேர்ந்துவிட்ட குட்டை நாய்க்கும் இந்தப் பயம் உண்டு. முன்னமே தெரிந்தால் ஆபரேஷனுக்குத் தயாராக இருக்கலாம்.

சராசரி 63 நாள். இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 58-லும் போடும், 68-லும் போடும். ஒரு வாரம் முன்னாலேயே அதிக நடமாட்டம் இல்லாத மூலையில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்துப் பழைய செய்தித்தாளை விரித்து அதில் படுக்கப் பழக்குங்கள். இல்லாவிட்டால் அது உங்கள் பீரோவுக்கு அடியிலோ, பட்டுப்புடவை மடித்து வைத்திருக்கும் தட்டிலோ இடம் பிடித்துக்கொள்ளும்! மடியைச் சுற்றியும் பின்பக்கமும் உள்ள நீள முடியைக் கத்தரித்து விடுங்கள்.

அந்தக் கடைசி வாரத்தில் காலை, மாலை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நாய்க்கென்று தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நுனியில் துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சாதாரணமாக 101 டிகிரிக்கு அக்கம்பக்கம் இருக்கும். அது 99-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பிரசவம். காகிதத்தைக் கிழிப்பது, தரையைப் பிறாண்டுவது, இரைப்பது, சாப்பிடாமல் இருப்பது எல்லாம் முதல் கட்டம். ஆறு மணி நேரமும் ஆகும், பன்னிரண்டும் ஆகும். பக்கத்துத் தெருக் குழந்தைகளையெல்லாம் கூட்டி வேடிக்கை காட்டாதீர்கள். பயந்தால் வலி நின்றுவிடும்.

எப்போது டாக்டர்? உடம்பு வெப்பம் இறங்கி ஒரு நாள் ஆகியும் வலி எடுக்கவில்லை என்றால். பலமாக முக்கியும் அரைமணி நேரத்தில் குட்டி வரவில்லை என்றால். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால். முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சையாக ஒழுகினால். முதல் குட்டிக்கு அப்புறம் பச்சையாக ஒழுகுவது சகஜம், பயப்பட வேண்டாம். இரவில் பார்க்கிற கால்நடை டாக்டர் யார், எங்கே என்பதை முன்கூட்டியே விசாரித்துக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகத்தில் இப்போதே ஒரு தடவை காட்டிப் பழக்கப்படுத்தி வையுங்கள்.

குட்டி பனிக்குடத்தோடு விழுந்ததும் தாயே கிழித்து நக்கிவிடும். முதல் பிரசவத்தில் சில நாய்கள் திகைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது நீங்கள்தான் மருத்துவச்சி. சவ்வைக் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, சுத்தமான டவலால் முதுகை நன்றாகத் தேய்த்துவிட்டால் கீச்சென்று கத்தும். தலைகீழாகப் பிடித்து வீசுகிறார்களே, அது வேண்டாம். மூளைக்கு அடிபடும். முதல் நாளிலேயே சீம்பால் எல்லாக் குட்டிக்கும் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

சமையலறைத் தராசுக்கு இங்கேதான் உபயோகம். சின்ன ஜாதிக் குட்டி பெரும்பாலும் 100 முதல் 200 கிராம்தான் இருக்கும். தினம் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வாருங்கள். பத்து நாளுக்குள் பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கு ஆக வேண்டும். ஒருநாள் ஏறாவிட்டாலும் அந்தக் குட்டியைப் பின்காம்பில் பிடித்து விடுங்கள், அங்கேதான் பால் அதிகம். பசும்பால் இதற்கு ஈடாகாது. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாய்க்குப் பால் இல்லையென்றால் நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடர்தான் சரி. நம் பக்கத்துக் கோடையில் பெட்டிக்கு மேல் பல்பு கட்ட வேண்டிய அவசியமே இருக்காது. குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர், தனித்தனியே விலகி மூச்சிரைத்தால் சூடு. மழை, மார்கழியில் கம்பளித் துணி போடுங்கள்.

தாய்க்குத்தான் இப்போது தட்டு நிறைய வேண்டும். மூன்றாவது வாரத்தில் வழக்கத்தைப்போல இரண்டு, மூன்று மடங்குகூடச் சாப்பிடும். தாராளமாகக் கொடுங்கள், தண்ணீர்க் கிண்ணம் காயவே கூடாது. அந்த வாரத்தில்தான் பால் காய்ச்சல் பயமும் அதிகம். எங்கள் சின்னிக்கு அப்போது இரவில் ஒரு தடவை எழுந்து டார்ச் அடித்து நடையையும் மூச்சையும் பார்ப்பேன். என் வீட்டுக்காரர்கூட, “நம்ம பிள்ளைங்களுக்கு நீ இப்படி எழுந்து பார்த்ததில்லையே” என்று கேலி பண்ணுவார். அவர் பண்ணட்டும்.

குட்டிகள் பால் மறந்து, மடி வற்றிய பிறகு, இனி வேண்டாம் என்கிறவர்கள் கருத்தடை ஆபரேஷனைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். மூன்றாம் வாரக் கடைசியிலிருந்து குட்டிகளுக்கு எதைக் குழைத்து, எப்படி நக்கக் கற்றுக்கொடுப்பது என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.